சிவபாதம் அண்ணையின் கிற்றார் மூடி

போன மாதம் என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. பழைய பேஸ் கிற்றார் ஒன்றின் வயிற்றுப் பகுதி. நான்கு தடித்த கம்பிகள் வந்து முடியும் இடத்தில், கவிழ்த்து வைத்த சவர்க்காரப் பெட்டி போல வெள்ளி நிறத்தில் ஒரு மூடி. அனுப்பியவர் கோயில் திருவிழாக்களில் வாசிக்கும் ஒரு குழுவின் பேஸ்காரர். நான் வேலையை விட்ட பிறகும் என்னை விடாதவர்களில் ஒருவர். படத்தின் கீழே எழுதியிருந்தார்: "அண்ணை, உந்த மூடி சும்மா வடிவுக்குத்தானே? கழட்டி எறியட்டோ?"

"கழட்டும். எறியாதையும்" என்று பதில் போட்டேன். "உள்ளுக்கை என்ன இருக்கெண்டு முதல் பாரும்."

அவர் பார்த்தாரோ தெரியாது. நான் அன்று பகல் முழுவதும் ஓரிடத்தில் இருக்கவில்லை. கிணற்றடிக்குப் போனேன், படலைக்குப் போனேன், திரும்பி வந்தேன். காதுக்குள் ஒரு தடித்த கம்பி அதிர்ந்துகொண்டே இருந்தது. எழுதினால்தான் அது நிற்கும் போலிருக்கிறது.

முப்பத்தைந்து வருடம் நான் பழுதான சத்தங்களோடு வாழ்ந்தவன். இருமும் வானொலிகள், முனகும் மின்விசிறிகள், தண்ணீரை இழுக்காமல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார்கள், கலியாண வீட்டின் நடுவில் ஊமையாகிப்போகும் ஒலிபெருக்கிகள். உருகிய ஈயத்தின் ஒரு துளி இரண்டு துளியாகத் தெரியத் தொடங்கிய நாளில் வேலையை விட்டேன். கை இன்னும் சொன்னபடி கேட்கிறது. கண்தான் பொய் சொல்லத் தொடங்கிவிட்டது.

எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆவணியில், இருபத்துமூன்று வயதில், கொக்குவிலில் புவனம் அக்காவின் பட்டறையில் சேர்ந்தேன். ரயில் பாதைக்குப் பக்கத்தில், மதிலோடு சேர்த்து இறக்கிய ஒற்றை அறை. யாழ்தேவி வரும்போது மேசையிலுள்ள திருகாணிகள் எல்லாம் நடக்கத் தொடங்கும். அக்கா தலையை நிமிர்த்தாமலே இடது உள்ளங்கையை அவற்றின் மேல் பொத்தி வைப்பார். ரயில் போன பிறகு கையை எடுப்பார். அவை அங்கங்கேயே இருக்கும்.

அக்காவுக்கு அப்போது நாற்பது இருக்கும். மெலிந்த உடம்பு, கொண்டையில் செருகிய பென்சில். எரிந்துபோன மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றுவதுதான் பட்டறையின் பிரதான தொழில். அக்கா சுற்றும்போது வாய்க்குள் எண்ணுவார். எண்ணும்போது யாரோடும் கதைக்க மாட்டார். படியேறி வருபவர் "பிள்ளை, என்ரை ரேடியோ சரியோ?" என்று கேட்டால், அக்காவின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருக்கும். வந்தவர் வெற்றிலை போட்டு முடித்திருப்பார், காலநிலை பற்றி என்னோடு கதைத்திருப்பார். அதன் பிறகு, அறுநூற்றுச் சொச்சம் சுற்று முடிந்து கம்பியை வெட்டியதும், அந்தக் கேள்வி அப்போதுதான் கேட்கப்பட்டது போல, "இல்லை, நாளைக்கு வாங்கோ" என்று பதில் வரும்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் நான்கு மாதம் நான் பென்சில் தேய்த்தேன். பட்டறைக்கு எந்தச் சாமான் வந்தாலும் அதைக் கழற்றுவதற்கு முன் மெல்லிய தாளை அதன்மேல் விரித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். திருகாணி எங்கே, ஓட்டை எங்கே, கீறல் எங்கே என்று எல்லாம் தாளில் கறுப்பும் வெள்ளையுமாக எழும்பி வரும். கழற்றிய திருகாணியை அது இருந்த இடத்திலேயே தாளில் குத்தி வைக்க வேண்டும். தாளின் அடியில் என்ன பழுது, எதைக் கழற்றினோம், எதை வைத்தோம் என்று எழுத வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் துடைக்கலாம்.

"முதல் தாள், பேந்து துணி." அக்கா எனக்குச் சொன்ன ஒரேயொரு விதி அதுதான். அதை நான் ஒரேயொரு முறை மீறினேன்.

அடுத்த வருடம் பங்குனியில் ஒரு முற்பகல், வெள்ளை வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதர் படியேறி வந்தார். பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றிய நீளமான ஒன்றை, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்குவது போலத் தோளோடு அணைத்திருந்தார். நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை. அந்தப் பொதியைக் கதிரையில் இருத்திவிட்டுத் தான் நின்றார்.

"நீங்கள் இருங்கோ அண்ணை. உதை நிலத்திலை வைக்கலாம்."

"நிலத்திலை வைக்கிற சாமான் இல்லைத் தம்பி. இது சரஸ்வதி."

அவர் சிவபாதம். உடுப்பிட்டியில் பிறந்து, கொழும்பில் இருபது வருடம் கணக்கு எழுதுபவராகப் பகலிலும் பேஸ் கிற்றார்க்காரராக மாலையிலும் வாழ்ந்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் வீடு எரிந்தது. காங்கேசன்துறைக்கு வந்த அகதிக் கப்பலில் அவர் கொண்டு வந்தது அந்தக் கிற்றார் ஒன்றைத்தான். அதுவும் புதிதல்ல. யாரோ வாசித்துவிட்டு விற்றதை வாங்கி, பத்து வருடம் வாசித்தது. குளிக்காமல் அதைத் தொட மாட்டார். தொட்டால் முதலில் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

விரிப்பை அவிழ்த்தார். அரக்கு நிற உடம்பு. கம்பிகள் வந்து தங்கும் இரும்புத் தட்டு திறந்தபடி கிடந்தது. அதன் இரு பக்கத்திலும் மரத்தில் இரண்டு வெறும் ஓட்டைகள்.

"இதுக்கு மேலை ஒரு மூடி இருந்தது. வந்த வழியிலை போயிட்டுது" என்றார். "அது போனதோடை சத்தமும் போயிட்டுது."

மூடி போனால் சத்தம் எப்படிப் போகும்? எனக்குள் சிரிப்பு வந்தது. பானையின் மூடி தொலைந்ததால் சோற்றின் ருசி போய்விட்டது என்கிறாரா? ஆனால் அவர் சிரிக்க இடம் வைக்கவில்லை. ஊருக்கு வந்து ஒரு இசைக்குழுவில் சேர்ந்திருந்தார். குழுத்தலைவர் யோகராசா. சிங்கப்பூரிலிருந்து புதிதாக ஒரு மின் ஓர்கன் இறக்கியிருந்தார்.

"'சிவபாதம், உன்ரை கிற்றார் இழுபடுது. பாட்டு முன்னாலை போக அது பின்னாலை ரயில் பெட்டி மாதிரி வருது' எண்டு சொல்லுறான். ஓர்கனிலை இடக்கையாலையே பேஸைத் தான் வாசிச்சுப்போடுவானாம். சித்திரையிலை எங்கடை ஊர் அம்மன் கோயில்லை நிகழ்ச்சி. அதிலை சரிவராட்டி என்னை வரவேண்டாமெண்டிட்டான்." சொல்லிவிட்டுத் தலைக்கு மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார். "வீடு போச்சு, வேலை போச்சு. அதுக்கெல்லாம் அழேல்லை. சொந்த ஊர்க் கோயில்லை, என்ரை சனத்துக்கு முன்னாலை, நான் மேடைக்குக் கீழை இருக்கிறதோ?"

மடியிலிருந்து பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தார். கொழும்பில் மிஞ்சிய சிநேகிதர் ஒருவர் கடை கடையாக ஏறி இறங்கித் தேடித் தபாலில் அனுப்பிய மூடி. வேறொரு கிற்றாருக்குச் செய்தது. "உதை இதுக்குப் பொருத்தித் தாங்கோ. அது காணும்."

அக்கா அன்று இணுவிலில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் வேலையை முடித்து அசத்திவிட வேண்டும் என்று எனக்கு ஒரு துடிப்பு. கதிரையில் இருந்த அந்தக் கிற்றார் பாவமாக இருந்தது. தட்டில் உப்புக் காற்றின் துரு, கம்பிகளில் அழுக்கு. சரஸ்வதி என்று வேறு சொல்லிவிட்டார். குத்துவிளக்கைத் துலக்காமல் யாரும் திரி போடுவார்களா? மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக் கம்பிகளைத் துடைத்தேன். சாம்பலும் புளியும் போட்டுத் தட்டைத் துலக்கினேன். வெயிலில் பிடித்தபோது கண் கூசியது. அதன் பிறகுதான் தாளை விரித்தேன்.

அக்கா வந்து பார்த்தார். கிற்றாரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"முதல் துணியோ?"

"ஊத்தையா இருந்தது அக்கா."

கலியாண வீட்டுப் பலகாரப் பையை என் பக்கம் தள்ளிவிட்டுக் கம்பி சுற்றப் போய்விட்டார். அது திட்டு வாங்குவதிலும் மோசமாக இருந்தது.

மூடியைப் பொருத்துவது நினைத்தது போலச் சுலபமாக இல்லை. மூடியின் இரு காதுகளிலும் இருந்த துளைகளுக்கு இடையேயான தூரம், மரத்திலுள்ள ஓட்டைகளின் தூரத்தைவிட ஒரு நெல்லின் அகலம் குறைவு. துறப்பணத்தை எடுத்தேன். எண்ணிக்கொண்டிருந்த அக்கா, எண்ணுவதை விடாமல், ஒரு விரலை மட்டும் உயர்த்தி இல்லை என்று ஆட்டினார். கம்பியை வெட்டிய பிறகு விளக்கம் வந்தது.

"மூடி நேற்று வந்தது. மரம் கனகாலம் இருக்கப்போறது. வந்ததை வெட்டு, இருக்கிறதை வெட்டாதை."

ஆகவே மூடியின் துளைகளை எலிவால் அரத்தால் வெளிப்பக்கமாக நீட்டினேன். வெள்ளிப் பூச்சு உரியாமல் இருக்க உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில், ஒரு தேய்ப்புக்கு ஒரு மூச்சு. மரத்தின் ஓட்டைகள் தளர்ந்திருந்தன. தென்னை ஈர்க்கைச் சீவி வச்சிரப்பசையில் தோய்த்துச் செருகி, ஒருநாள் காயவிட்டேன். மூடியை வைத்துப் பார்த்தால் அது உயரம் காணாமல் முதலாம் கம்பியின் தாங்கியில் முட்டியது. பித்தளை வளையங்களை இரு பக்கமும் இரண்டிரண்டாக அடுக்கி உயர்த்தினேன். திருகாணியைக் கையாலேயே முக்கால்வாசி இறக்கி, மிச்சத்தைத் திருப்புளியால், ஒருமுறை இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம் என்று இறுக்கினேன். முடிந்தபோது, அந்த உடம்போடு பிறந்த மூடி போலவே இருந்தது.

சிவபாதம் அண்ணை வந்து பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஆ, இப்பதான் உடுப்புப் போட்ட மாதிரி இருக்கு" என்றார். விரிப்பில் சுற்றிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். பொதியைக் கதிரையில் இருத்தினார். இந்த முறை தானும் பக்கத்துப் படியில் குந்திவிட்டார்.

"வடிவா இருக்கு. சத்தம் வரேல்லை."

பட்டறையிலிருந்த பெருக்கியில் இணைத்தோம். அவர் ஒரு விரலால் தட்டினார். தொம்ம்ம்ம் என்று எழும்பி, நீண்டு, அடுத்த தட்டு வந்த பிறகும் போகாமல் நின்றது. விருந்து முடிந்தும் எழும்பாத விருந்தாளி.

"முந்தி இப்பிடி இல்லை. தொம் எண்டு விழும். விழுந்த இடத்திலையே கிடக்கும். ஆறு நாள் இருக்குத் தங்கச்சி."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணை, மூடி கம்பியிலை முட்டவே இல்லையே. முட்டாத ஒண்டு எப்பிடிச் சத்தத்தை மாத்தும்? உங்களுக்கு மனத்தாக்கம். வீடெல்லாம் போனதாலை..."

"தம்பி." அக்காவின் குரல். அன்று அவர் சுற்றிக்கொண்டிருக்கவில்லை. "துடைச்ச துணி எங்கை?"

"எந்தத் துணி?"

"இதைத் துடைச்ச துணி."

சுவரில் ஆணியில் தொங்கியது. எடுத்துக் கொடுத்தேன். அக்கா அதை மேசையில் விரித்து, இஸ்திரி போடுவது போல உள்ளங்கையால் நீவினார். துருவின் செம்மஞ்சள், எண்ணெயின் மங்கல், அவற்றுக்கிடையே பக்கம் பக்கமாக நான்கு கறுப்புக் கோடுகள். அடிமட்டத்தை வைத்து இடைவெளியை அளந்தார். பிறகு அதே அடிமட்டத்தைக் கம்பிகளின் மேல் வைத்தார். ஒன்றாகவே இருந்தது. ஒரு கோட்டை நகத்தால் சுரண்டி, அந்தக் கறுப்பை இரு விரலுக்கிடையே உருட்டினார். அது உருண்டது. கிரீஸ் உருளாது, துரு உருளாது. எழுதியதை அழிக்கும்போது உதிர்வது போலச் சின்னச் சின்னத் திரியாக உருண்டது.

"அண்ணை, அந்தப் பழைய மூடிக்குள்ளை ரப்பர் இருந்ததோ?"

சிவபாதம் அண்ணை அக்காவைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்ப்பவர் போலச் சுவரைப் பார்த்தார்.

"கப்பல்லை ஒரு கைப்பிள்ளைக்காரி என்ரை பக்கத்திலை இருந்தவ. பால்மா இருந்தது, கரைக்க ஒண்டும் இல்லை. பிள்ளை கத்துது. எல்லாரும் எல்லாத்தையும் விட்டிட்டு வந்த சனம், ஆரிட்டைக் கேக்கிறது? நான் பத்துச் சதக் காசாலை திருகாணியைக் கழட்டி மூடியை எடுத்தன். ஒரு பக்கம் திறந்த மூடிதானே, சாய்ச்சுப் பிடிச்சால் பால் பருக்கிற சங்கு மாதிரி. உள்ளுக்கை கறுப்பா ஒரு துண்டு ஒட்டியிருந்தது. பாலுக்கை அது கிடக்கக் கூடாதெண்டு நகத்தாலை கிழிச்சுக் கடலுக்கை எறிஞ்சன்."

அக்கா துணியை நாலாக மடித்தார்.

"மூடியை ஏன் திருப்பி வாங்கேல்லை?" என்று நான் கேட்டேன்.

"இறங்கேக்கை பிள்ளை அதைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நித்திரை. எப்பிடியடாப்பா கேக்கிறது?"

அந்த ரப்பர்தான் கம்பிகளை மேலிருந்து மெல்லத் தொட்டு, தட்டிய சத்தம் நீளாமல் பிடித்து வைத்திருந்தது. மூடி ஒரு கை. அதன் உள்ளங்கையை அவர் பிடுங்கி எறிந்திருந்தார். அந்த உள்ளங்கை கம்பிகளில் விட்டுச் சென்ற ரேகையை, சாட்சி சொல்ல மிஞ்சியிருந்த ஒன்றே ஒன்றை, நான் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருந்தேன். முதலில் தாளை விரித்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நான் தின்ற நாட்கள் அவருடையவை.

"ரப்பருக்கென்ன பஞ்சம்" என்றேன், குற்றத்தை வேகத்தால் மூட. "ஒரு பழைய செருப்பை வெட்டினால் காணும்."

சிவபாதம் அண்ணை எழும்பிவிட்டார். "செருப்போ? கோயில்லை வாசிக்கிற சாமானுக்குள்ளை செருப்போ? தம்பி, என்ரை கை விழுந்தாலும் பரவாயில்லை, செருப்பு வேண்டாம்."

அக்கா கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து மேசையில் உருட்டினார். "கால் படாத செருப்பெண்டால்?"

அவர் யோசித்தார். நெற்றித் திருநீறு சுருங்கி விரிந்தது. "கடையிலை இருக்கிறதோ... கால் படாட்டி அது ரப்பர்தானே. அது பரவாயில்லை. ஆனால் கால் பட்டிருக்கக் கூடாது. போட்டுப் பார்த்ததும் கூடாது."

அவர் போன பிறகு நாங்கள் தேடியதைப் போல அதற்குப் பிறகு எதையும் தேடியதில்லை. சைக்கிள் ரியூபை மடித்து வைத்தோம். சத்தம் செத்துப் போனது. மெத்தையின் பஞ்சை வைத்தோம். ஒன்றுமே நடக்கவில்லை. சந்திக் கடையில் புது ரப்பர் செருப்பு ஒரு சோடி வாங்கினேன். என் காலுக்கு ஒன்பது, கடையில் இருந்தது ஆறு. கடைக்காரர் "போட்டுப் பாருமன்" என்றபோது பின்னால் பாய்ந்தேன். இடக்கால் செருப்பின் குதியில் நீள்சதுரமாக ஒரு துண்டு வெட்டி மூடிக்குள் ஒட்டினேன். தட்டிப் பார்த்தால் சத்தம் துள்ளியது. தொம் இல்லை, தொய்ங். சீவி மெலிதாக்கினால் பிடிக்கவில்லை, விட்டால் துள்ளுகிறது. மூன்று நாள் போய்விட்டது. மிச்சம் மூன்று நாள்.

அன்று பின்னேரம் அக்கா ஒரு மோட்டாருக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் என் காலைப் பார்த்தேன். மூன்று வருடம் போட்ட செருப்பு. குதி தட்டையாகி, இறுகி, கல்லுமில்லாமல் பஞ்சுமில்லாமல் இருந்தது. தடிப்பு எவ்வளவு வேண்டும் என்று அறியத்தான், அளவுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இடக்கால் குதியில் துண்டை வெட்டினேன். மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். உலர்த்தி ஒட்டினேன். அக்காவின் தாள்களில் ஒரு கீற்றைக் கிழித்து ரப்பருக்கும் கம்பிக்கும் இடையில் விட்டு இழுத்தேன். கிழியாமல், ஆனால் மனமில்லாமல் வந்தது. நான்கு கம்பியிலும் அப்படியே. பெருக்கியைப் போட்டுத் தட்டினேன்.

தொம்.

விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது.

இன்னும் ஒரு சத்தம், கம்பி சுற்றும் சத்தம், நின்றுபோயிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அக்காவின் உதடுகள் அசையவில்லை. நான் சேர்ந்த நாளிலிருந்து ஒருநாளும் நடக்காதது நடந்திருந்தது.

"எத்தினை எண்டு மறந்துபோனன்" என்றார். பிறகு, "உதுதான் சத்தம். என்ன வைச்சனி?"

நான் காலைக் காட்டினேன்.

அக்கா எழும்பி வந்து குனிந்து செருப்பைப் பார்த்தார். கிற்றாரைப் பார்த்தார். சிரிப்பு வந்ததை அடக்க முந்தானையை வாயில் வைத்தார். அடங்கவில்லை. இருவரும் கண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு சிரிப்பு போய்ப் பயம் வந்தது.

"சொன்னால் போடவிடமாட்டார்" என்றேன். "போடாட்டி யோகராசாவின்ரை இடக்கைதான் வாசிக்கும்."

"ஓட்டைக்கை வைச்ச வச்சிரப்பசை எதிலை செய்யிறதெண்டு அவருக்குத் தெரியுமோ? மாட்டுத் தோல்லை." அது எனக்குச் சொன்ன பதில் போல இல்லை. தனக்கே சொல்லிப் பார்த்தது போலிருந்தது. பிறகு நெடுநேரம் மேசையில் விரலால் கோடு கீறினார். கடைசியில் அந்தக் கிற்றாரின் தாளை எடுத்து, "உள்ளே வைத்தது" என்ற இடத்தில் எழுதினார்: ரப்பர். அவ்வளவுதான். ஒரு வளையம் பித்தளையா இரும்பா என்று எழுதாவிட்டால் தாளைத் திருப்பித் தரும் மனுசி. எந்த ரப்பர், எங்கே வெட்டியது, எவ்வளவு தடிப்பு என்று ஒரு சொல் இல்லை.

அந்தத் தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. தொண்ணூறுக்குப் பிறகு ஊரில் மின்சாரம் இல்லாமல் போனது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட அந்த வருடங்களிலும் அக்கா தேய்ப்பதை விடவில்லை. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து வலிகாமப் பகுதியே தெருவில் இறங்கி நடந்தபோது, சனம் அரிசியும் பாயும் தூக்கிய அந்த நாளில், அவர் சைக்கிள் கரியரில் கட்டியது தாள் கட்டுகளைத்தான். "இதிலை சனத்தின்ரை சாமான் இருக்கு" என்றார். போன வருடம் அவருடைய பெறாமகள், உடன்பிறப்பின் மகள், அவற்றை என்னிடம் தந்தார். அரைகுறையாக எழுதியது அந்த ஒரு தாள்தான்.

சிவபாதம் அண்ணை வந்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ ஒரு பாட்டின் பேஸை மட்டும், பாட்டே இல்லாமல் வாசித்தார். வெற்று வளவில் ஒருவன் தனியே நடப்பது போல, ஒவ்வொரு அடியும் ஊன்றி ஊன்றி விழுந்தது. திருகாணிகள் மேசையில் மெல்ல அசைந்தன. அக்கா கையை வைக்கவில்லை.

"கப்பலுக்கு முந்தின சத்தம்" என்றார் அவர். பிறகு, "புதுச் செருப்புத்தானே?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஆறாம் நம்பர்ச் சோடியைத் தூக்கிக் காட்டினார். "இந்தா பாருங்கோ, வெட்டின இடம்." சொல்லி முடித்ததும் இருந்து கம்பியைச் சுற்றத் தொடங்கிவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணும்போது அவரோடு ஒருவரும் கதைக்க முடியாது.

அம்மன் கோயிலுக்கு நானும் போனேன். ஊரடங்குக் காலம். நிகழ்ச்சியைப் பொழுதுபடுவதற்குள் முடிக்க வேண்டும் என்று நாலு மணிக்கே தொடங்கினார்கள். செருப்பைக் கோபுர வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டு, வெளிவீதிக் குருமணலில் சனத்தோடு இருந்தேன். நிகழ்ச்சிக்கு முன் ஐயர் மேடையேறி வாத்தியங்களுக்குத் தீபம் காட்டினார். ஓர்கனுக்குச் சந்தனம் வைத்தார். டிரம்முக்கு வைத்தார். கிற்றாரிடம் வந்தபோது, வைப்பதற்கு மரத்தைவிட்டு நல்ல பளபளப்பான இடம் எது என்று பார்த்தார். மூடியின் நட்டநடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்து, ஒரு செவ்வரத்தம் பூவையும் செருகினார்.

என் இடக்கால் குதி மணலுக்குள் தானாகப் புதைந்தது.

முதல் பாட்டில் யோகராசாவின் இடக்கை ஓர்கனின் அடிக் கட்டைகளில் தயாராகக் கிடந்தது. கிற்றார் பிசகினால் தான் எடுத்துக்கொள்ளும் கை. இரண்டாம் பாட்டிலும் கிடந்தது. சிவபாதம் அண்ணை யாரையும் பார்க்கவில்லை. தொம், தொம், தொதொம். ஒவ்வொன்றும் பாட்டின் காலடியில் கல் வைப்பது போல விழுந்தது. மூன்றாம் பாட்டின் நடுவில் யோகராசா அந்த இடக்கையைக் கட்டைகளிலிருந்து எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல ஒரு கணம் காற்றில் வைத்திருந்தார். பிறகு தன் முழங்காலில் வைத்துத் தாளம் போடத் தொடங்கினார்.

நான் குதியை மணலுக்குள்ளிருந்து எடுத்தேன்.

முடிந்ததும் சிவபாதம் அண்ணையைச் சனம் சூழ்ந்துகொண்டது. "எடேய் சிவபாதம், கொழும்பிலை உதைத்தானோ செய்தனீ?" என்று ஒரு கிழவர் முதுகில் தட்டினார். அவர் சிரித்துக்கொண்டே விலக்கி, கிற்றாரை விரிப்பில் சுற்றித் தோளில் அணைத்துக்கொண்டு என்னோடு வாசலுக்கு வந்தார். செருப்புகள் சிதறிக் கிடந்தன. அவர் தன்னுடையதைத் தேடினார். நான் முந்திக்கொண்டு என்னுடையதைக் காலில் மாட்டப் பாய்ந்தேன். யாரோ மிதித்து அது கவிழ்ந்து, அடிப்பக்கம் வானத்தைப் பார்க்கக் கிடந்தது. ஒன்பதாம் நம்பர், தேய்ந்த இடக்கால். குதியில் கத்தியால் அளந்து வெட்டிய நீள்சதுரம். சாய்வெயில் அந்த ஓட்டைக்குள்ளால் மணலில் விழுந்துகொண்டிருந்தது.

அவர் நின்றார்.

ஓட்டையைப் பார்த்தார். தோளிலிருந்த பொதியின் அடிப்பக்கத்தை, மூடி இருக்கும் இடத்தை, விரிப்பின் மேலால் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். அதே நீளம், அதே அகலம். என் முகத்தைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அவருடைய நெற்றியைப் பார்த்தேன். பின்னால் கோயில் மணி அடித்தது. சனம் சிரித்துக் கதைத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது.

"தம்பி, உந்தச் செருப்பை இனி ஒரு கோயில் வாசல்லையும் கழட்டி வையாதையும்."

"ஓம் அண்ணை."

"போட்டுக்கொண்டு முன்னாலை நடவும்."

நடந்தேன். அந்த ஊரின் ஒழுங்கை எல்லாம் குருமணல். என் ஒவ்வொரு இடக்கால் அடியிலும், குதியின் நடுவில், நீள்சதுரமாக ஒரு மண்கட்டி எழும்பி நிற்பதை அப்போதுதான் கண்டேன். கோயிலிலிருந்து வரும் சனம் எல்லாம் பார்க்கும்படி அச்சுக் குத்தினது போல. திரும்பிப் பார்த்தேன். சிவபாதம் அண்ணை கிற்றாரை இறுக அணைத்துக்கொண்டு, தார் வீதி வரும்வரை, என் இடக்கால் தடங்களின் மேல் ஒன்றையும் விடாமல் மிதித்து மிதித்து வந்தார்.